பதிமூன்று முட்டைகள்

கூஸ் வாத்துக்குத் தமிழில் ஒழுங்கான பேர் இல்லை. பெருவாத்து என்று எழுதுகிறார்கள், யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்னம் என்றால் எல்லாருக்கும் ரவிவர்மா ஓவியத்தில் தமயந்திக்கு எதிரே நிற்கிற வெள்ளைப் பறவைதான் ஞாபகம் வரும். தளியில் எங்கள் தெருவில் மூன்று மொழி புழங்கும். கன்னடத்தில் ஹெப்பாத்து என்று ஒரு சொல் இருக்கிறது, பெரிய வாத்து என்று அர்த்தம். பக்கத்து வீட்டு அஜ்ஜி எண்பது வயசுக் கன்னடக்காரி, அவளும் ‘கூஸு’ என்றுதான் சொல்கிறாள். சம்ஸ்கிருத ஹம்சம், லத்தீன் அன்செர், ஜெர்மன் கான்ஸ், ஆங்கில கூஸ் எல்லாம் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். நம்ம அன்னமும் ஹம்சத்தின் வழி வந்தது என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அம்மா தினமும் காலையில் “ஏய் கூஸு, வெளிய போ” என்று விரட்டுவது அன்னத்தைத்தான். பாலையும் தண்ணீரையும் பிரிக்கிற வேலையெல்லாம் அதற்குத் தெரியாது. ராகிக் களியையும் கீரையையும் கலந்து வைத்தால் களியை மட்டும் விட்டுவிட்டுக் கீரையைப் பிரித்துத் தின்னும், அவ்வளவுதான்.

புறநானூற்றில் பிசிராந்தையார் குமரித் துறையிலிருந்து வடமலைக்குப் போகும் ஒரு அன்னத்திடம் பேசுகிற பாட்டு உண்டு. அதில் ஆண் அன்னத்தைச் சேவல் என்றே கூப்பிடுகிறார். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும். ‘ஆண் கூஸ்’ என்பதைவிட எவ்வளவோ மேல். இந்தக் கட்டுரையில் சேவல் என்றால் அதுதான்.

எங்கள் சேவல் 2025 பிப்ரவரி 9ஆம் தேதி ராத்திரி செத்தது. அதற்குப் பதினோரு மாத வயசு.

*

தளியைக் குட்டி இங்கிலாந்து என்று வெள்ளைக்காரர்கள் சொன்னார்களாம். இங்கே வருகிற யாரும் இதை ஒரு தடவை சொல்லாமல் போவதில்லை. கிட்டத்தட்ட 3,000 அடி உயரம், பிப்ரவரியிலும் விடிகாலையில் ஸ்வெட்டர் வேண்டும். ஒருபக்கம் ஜவளகிரிக் காடு, ராகி விளைகிற மாசத்தில் யானை வரும். இன்னொரு பக்கம் ஆனேக்கல், அதைத் தாண்டினால் பெங்களூர். நடுவில் பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக்குடில்கள், உள்ளே ரோஜாவும் குடைமிளகாயும். வேலைக்குப் போகிறவர்கள் ஓசூருக்குப் போகிறோம். விடியுமுன் கம்பெனி பஸ் வந்து முக்கில் நின்று ஹாரன் அடிக்கும். எங்கள் வாத்துகள் அதற்குப் பதில் குரல் கொடுக்கும். ஷிப்டுக்கு எழுப்ப எனக்கு அலாரம் தேவைப்பட்டதில்லை.

அம்மா பதினோரு வருஷம் ஒரு ரோஜாக் குடிலில் பூ வெட்டப் போனாள். முட்டி வலி வந்து நின்றுவிட்டாள். வீட்டில் சும்மா இருப்பது அவளுக்கு முட்டி வலியைவிடப் பெரிய வலி. ஆனேக்கல் பக்கமிருந்து 2024 மார்ச்சில் ஐந்து கூஸ் குஞ்சு வாங்கி வந்தாள். யார்கிட்டயும் கேட்கவில்லை. ஜோடி ரெண்டாயிரத்துக்கு விக்குதாம், முட்டை வைத்துக் குஞ்சு பொரித்து விற்கலாம் என்று கணக்கு. அண்ணன் சிரித்தான். ஒரு குஞ்சு முதல் மாசத்திலேயே போனது. மீதி நாலும் வளர்ந்தபோது மூன்று பொட்டை, ஒரு சேவல் என்று தெரிந்தது. ஒரு சேவலுக்கு மூன்று, நாலு பொட்டை என்பதுதான் சரியான கணக்கு என்பதால் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். தானே எண்ணி வாங்கின மாதிரி பேசினாள்.

நெற்றியில் கொண்டை மாதிரி ஒரு முண்டு இருக்கும் சீன இனத்தின் கலப்பு இவை. உலகத்தில் வீட்டு கூஸ்களுக்கு இரண்டு மூதாதைகள். ஐரோப்பாவில் கிரேலாக் என்கிற சாம்பல் வாத்து, கிழக்கில் ஸ்வான் கூஸ் என்கிற கழுத்து நீண்ட காட்டு வாத்து. முண்டு வைத்ததெல்லாம் இரண்டாவதன் வழி. இந்தியாவுக்கென்று பதிவு பெற்ற கூஸ் இனம் காஷ்மீரில் இருக்கிறது. பேர் காஷ்மீர் அன்ஸ். பேரிலேயே மறுபடி அந்த ஹம்சம். 2019 கணக்கெடுப்பில் இந்தியாவில் கோழியினப் பறவைகள் 85 கோடி. அதில் கூஸ் ஒரு ஓரத்துக் குறிப்புதான். மத்திகிரியில் கோழியினத்துக்கென்றே ஒரு அரசுக் கல்லூரி இருக்கிற ஊர்ப்பக்கம் இது. பிராய்லர் பற்றியோ லேயர் பற்றியோ யாரை நிறுத்திக் கேட்டாலும் மருந்து பேர்வரைக்கும் சொல்வார்கள். கூஸ் என்றால், “அது காவலுக்கு நல்லதுங்க, பாம்பு வராது” என்பதோடு முடிந்துவிடும்.

பொங்கல் முடிந்த நாலாம் நாள் முதல் முட்டை வந்தது. 98 கிராம். கிச்சன் தராசில் வைத்துப் பார்த்தோம். நாட்டுக்கோழி முட்டை இரண்டுக்கு மேலே. ஆனாலும் கூஸ் முட்டைக்கு இது பொடிசு. வளர்ந்த கூஸ் 140, 150 கிராமெல்லாம் போடும். முதல் வருஷப் பறவையின் முட்டை சிறுசாகத்தான் இருக்கும், அதில் கருவும் சரியாகப் பிடிக்காது. கூஸ் நிதானமான பிராணி. கோழி ஐந்தாறு மாதத்தில் முட்டைக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் பண்ணைக்காரனுக்கு வேண்டாதது ஆகிவிடும். கூஸுக்கு முதல் பருவம் ஒத்திகை மாதிரி, இரண்டாம் வருஷத்தில்தான் முட்டை முட்டையாக இருக்கும். அதன் பிறகு பல வருஷம் போடும். சேவலுக்கும் அதே கதை. பதினோரு மாதச் சேவல் ஏறும், இறங்கும், கழுத்தை நீட்டி ஊரைக் கூட்டும், முட்டையில் உயிர் இருக்குமா என்பது வேறு விஷயம். தண்ணீரில்தான் இவை நன்றாகச் சேரும். உடம்பின் கனத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். எங்களிடம் இருந்தது துணி துவைக்கிற தொட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சிமெண்ட் தொட்டி. அதற்குள் நாலு பேரும் இறங்கினால் பாதித் தண்ணீர் வெளியே வந்துவிடும்.

எதற்கு ஜனவரியில் முட்டை என்று எனக்குக் கேள்வி. கிரேலாக் வழி வந்தவை குளிர் நாட்டில் பகல் நீளும்போது முட்டைக்கு வரும். தென்சீனத்தில், குவாங்டாங் பக்கத்து கூஸ்களுக்கு இது தலைகீழ், பகல் குறையும்போதுதான் பருவம். நம்ம ஊரில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஒன்றரை மணி நேரம்தான். அந்த ஒன்றரை மணியை இது எப்படிக் கணக்கு வைக்கிறது! நான் இரண்டு வருஷமாக டியூப்லைட்டுக்குக் கீழே ஷிப்ட் பார்க்கிறவன். எனக்குப் பகல் நீண்டதா குறைந்ததா என்று பஸ் ஜன்னலில்தான் தெரியும்.

முதலில் வந்த முட்டைகளை ஆம்லெட் போட்டோம். மஞ்சள் கரு ஒன்றே வாணலியை நிறைத்தது. பிப்ரவரி 5லிருந்து அம்மா நாலு முட்டைகளை எடுத்து ராகிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள். ராகிக்குள் சூடும் ஏறாது, குளிரும் தாக்காது. அவள் அம்மா கோழி முட்டைக்குச் செய்ததுதான். ஒவ்வொரு முட்டை மேலும் பென்சிலில் தேதி எழுதுவது மட்டும் என் பங்கு.

அப்புறம்தான் அந்த ராத்திரி. தெருநாய் மூன்றோ நாலோ. பின்பக்கம் மூங்கில் படலைப் பிய்த்து உள்ளே வந்திருக்கின்றன. சத்தம் கேட்டு டார்ச்சோடு ஓடினபோது பொட்டைகள் மூன்றும் தொட்டிக்குள் ஒடுங்கி நின்றன, சேவல் தொட்டிக்கும் படலுக்கும் நடுவில் கிடந்தது. கழுத்தில் கடி. அந்த இடத்தில் கிடந்ததற்கு அர்த்தம் சொல்லலாம். நான் சொல்லப் போவதில்லை. நாய்களில் ஒன்றுக்கு மூக்கு கிழிந்திருந்தது என்று காலையில் பால்காரர் சொன்னார்.

*

மறுநாள் அண்ணன் கணக்குப் போட்டான். சேவல் இல்லாமல் மூன்று பொட்டைகள் தின்றுகொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. மார்ச் 30 யுகாதி. அதற்கு மறுநாள் ஒசதொடக்கு. தெரியாதவர்களுக்கு: யுகாதியன்று ஒப்பட்டும் வேப்பம்பூ வெல்லமுமாகச் சைவமாக இருந்துவிட்டு, மறுநாள் இந்தப் பக்கம் ஓசூரிலிருந்து பெங்களூர்வரை கறிக்கடை முன்னால் வரிசை நிற்கும், அதுதான் ஒசதொடக்கு. அந்த வருஷம் ரம்ஜானும் அதே நாள் வாக்கில் வந்தது. கறிக்கடைக்காரர் ஒருத்தர் ஏற்கெனவே கேட்டிருந்தார், உயிர் எடைக்கு. புதுச் சேவல் வாங்கிவிட்டால் ஓடி ஒட்டிக்கொள்ளும் பறவையும் இல்லை இது. கூஸ் ஜோடி சேர்ந்து பழகவே மாதக்கணக்கில் ஆகும், பருவமோ மார்ச்சோடு முடிந்துவிடும். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அம்மாவும் மறுத்துப் பேசவில்லை. “யுகாதிக்கு இன்னும் நாள் இருக்கில்ல” என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குப் பொட்டைகள் தீனி எடுக்கவில்லை. படல் பக்கம் போய் நின்று ஒரே குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. கோன்ராட் லோரென்ஸ் என்கிற ஆஸ்திரிய விஞ்ஞானி வாழ்நாள் முழுக்க கூஸ்களோடு கிடந்தவர், 1973இல் நோபல் பரிசு வாங்கினார். துணையை இழந்த கூஸின் நடத்தையை மனிதத் துக்கத்தோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். அதே ஆள் 1938இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கூஸின் துக்கம் புரிந்தவருக்குப் பக்கத்து மனுஷனின் துக்கம் தெரியாமல் போயிருக்கிறது. இதை நினைக்காமல் என்னால் அவர் புத்தகத்தைப் புரட்ட முடிவதில்லை.

பிப்ரவரி 10ஆம் தேதி, சேவலைப் புதைத்த அதே நாள், பொட்டைகளில் ஒன்று முட்டை போட்டது.

இங்கேதான் எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது. பெண் பறவைக்குள், முட்டைக் குழாயின் கீழ்ப்பகுதியில், நுண்ணிய சுரங்கம் மாதிரி மடிப்புகள் உண்டு. சேர்க்கையில் வந்த விந்தணுக்கள் அதற்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு முட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வான்கோழியில் பத்து வாரம்வரைக்கும்கூட இப்படி உயிரோடு இருக்குமாம். கோழியில் இரண்டு, மூன்று வாரம். கூஸில் குறைவு, ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அப்படியானால் பிப்ரவரி 19, 20 வரைக்கும் வருகிற முட்டைகளில் அந்தச் சேவல் இருக்கலாம். இருக்கலாம்தான். சேவலும் இளசு, பொட்டையும் இளசு, முட்டையும் சிறுசு. இதை நான் அம்மாவிடம் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “அப்ப ஒரு முட்டையும் ஆம்லெட் போடக்கூடாது” என்றாள்.

*

20ஆம் தேதிவரை சேர்த்து மொத்தமாக வைக்க முடியாது. ராகிப் பானையில் இருப்பவை அதற்குள் இரண்டு வாரம் பழசாகிவிடும். அடைமுட்டை ஒரு வாரத்துக்குள் அடைக்குப் போக வேண்டும், அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளும் பொரிக்கும் வாய்ப்பு இறங்கும். அதனால் இரண்டாகப் பிரித்தோம். பானையில் இருந்த நாலும், 10 முதல் 13 வரை வந்த நாலும் முதல் வைப்பு. அதற்குப் பிறகு வருவது இரண்டாவது.

முதல் வைப்புக்கு இங்குபேட்டர். கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் நண்பன் ஒருத்தன் கோழிக்காகச் செய்து வைத்திருந்த தெர்மாகோல் பெட்டி. உள்ளே இரண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று, டபிள்யூ 1209 என்கிற சின்ன டெம்பரேச்சர் போர்டு. தமிழ் யூடியூபில் பாதி இங்குபேட்டர்கள் இந்த போர்டில்தான் ஓடுகின்றன. 37.5 டிகிரி. ஃபேன் இருந்தால் அது போதும். கரண்ட் கட்டுக்கு இன்வெர்ட்டர் லைனில் மாட்டினோம். வீட்டில் ஃபேன் நின்றாலும் பெட்டி ஓடியது.

கோழி முட்டையைத் தானாகத் திருப்பும் தட்டு அதில் இருந்தது, கூஸ் முட்டை அதில் உட்காராது. படுக்க வைத்துக் கையால்தான் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. ஒற்றைப்படையில் திருப்பினால்தான் ராத்திரி நீண்ட நேரம் படுக்கும் பக்கம் தினமும் மாறும். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போகாமல் இந்தப் பக்கம் ஒரு அரைவட்டம், அடுத்த தடவை திரும்பி வர வேண்டும். இல்லாவிட்டால் மஞ்சள் கருவைத் தாங்கும் நார்கள் முறுக்கிக்கொள்ளும். நான் ஷிப்டுக்குப் போனால் அம்மா திருப்புவாள். திருப்பினதும் காலண்டரில் கோடு போடுவாள். பூக்குடிலில் கட்டுக் கணக்குக்குப் போட்ட அதே நாலு நிற்கும் கோடு, ஒரு குறுக்குக் கோடு. ஒரு நாளைக்கு ஒரு கட்டு. தினசரிக் காலண்டரில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் இந்தக் கட்டுகள் முப்பது நாள் இருந்தன.

ஒரு வாரம் கழித்து இன்னொரு வேலை சேர்ந்தது. தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து பத்து, பதினைந்து நிமிஷம் முட்டையை ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்து மூட வேண்டும். கோழி முட்டைக்கு இது தேவைப்படாது. அடை உட்கார்ந்த தாய் கூஸ் நாளுக்கு ஒரு முறை எழுந்து போய் மேய்ந்து, குளித்து, ஈர வயிற்றோடு வந்து உட்காரும். அதைத்தான் மனுஷன் ஸ்ப்ரே பாட்டிலால் நடிக்கிறான். தொழில்நுட்பம் என்று பெரிதாகச் சொல்கிறோம், நனைந்த வயிறு ஒன்றைக் காப்பியடிக்கத்தான் இத்தனையும்.

அஜ்ஜி வந்து பார்த்துவிட்டு ஒரு இரும்பு ஆணியைப் பெட்டிக்குள் போடச் சொன்னாள். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும், இரும்பு இருந்தால் ஆகாது. பிப்ரவரியில் எந்த இடி என்று நான் கேட்டேன். அம்மா கேட்கவில்லை, போட்டுவிட்டாள். (கூமுட்டை என்று ஆளைத் திட்டுகிறோமே, அதற்கு முழு அர்த்தம் எனக்கு இந்த மாதத்தில்தான் விளங்கியது. கரு கூடாத முட்டை மாசம் முழுக்கச் சூட்டில் இருந்தாலும் சும்மா இருக்கும், திட்டுவதற்கு ஒன்றுமில்லை. கூடி, வளர ஆரம்பித்து, பாதியில் செத்து, வெளியே தெரியாமல் உள்ளே அழுகுவதுதான் கூமுட்டை. வெடித்தால் பெட்டியில் இருக்கிற மற்றதையும் கெடுக்கும்.)

ஒன்பதாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அட்டைச் சுருளுக்குள் மொபைல் டார்ச்சை வைத்து ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தோம். முதல் மூன்று வெறும் வெளிச்சம். சாயம் போன பல்பு மாதிரி. நாலாவதில் சிவப்பாக ஒரு வளையம். கூடி, சில நாளில் நின்றுபோனது. அண்ணன் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாவதில் சிலந்தி. அப்படித்தான் சொல்ல முடியும், ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து நாலாபக்கமும் ஓடும் சிவப்பு நரம்புகள். புள்ளி அசைந்தது. அம்மா டார்ச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் மீதி முட்டைகளை அவளே பார்த்தாள். எட்டில் நாலு.

இரண்டாவது வைப்பு, 14 முதல் 19 வரை வந்த ஐந்து முட்டைகள், 20ஆம் தேதி ஒரு அடைக்கோழிக்குப் போயிற்று. நாட்டுக்கோழியின் வயிற்றுக்கடியில் கூஸ் முட்டை ஐந்துக்கு மேல் அடங்காது. அதனால் அவற்றை உருட்டவும் முடியாது, அதையும் நாங்களே செய்தோம். கோழி ஒவ்வொரு முறையும் கையைக் கொத்தும். மார்ச் 1ஆம் தேதி பார்த்தபோது ஐந்தில் நாலு வெறுமை. ஒன்றில் மட்டும் சிலந்தி. பென்சில் தேதி: பிப்ரவரி 16. சேவல் செத்து ஏழு நாள் கழித்து வந்த முட்டை.

இந்தத் தேதியை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

*

முட்டை ஓடு ஒரு சல்லடை. உள்ளே இருக்கிற ஈரம் மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும், குஞ்சுக்குப் பக்கத்தில் காற்றறை பெரிதாகிக்கொண்டே வரும். பொரிப்பதற்குள் முட்டை தன் எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினாலு பங்கு இழந்திருக்க வேண்டும். குறைவாக இழந்தால் குஞ்சு உள்ளேயே தண்ணீரில் மூழ்கும், அதிகமாக இழந்தால் சவ்வு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். தராசில் வாரத்துக்கு ஒரு தடவை. 124 கிராமில் ஆரம்பித்த ஒன்று 25ஆம் நாள் 109. சரியாக வந்தது. ஒரு உயிர் வளர்வதை எடை குறைவதை வைத்துக் கணக்கிடுவது எனக்கு விநோதமாகவே இருந்தது. பதினெட்டாம் நாள் நாலில் ஒன்றில் நரம்புகள் மங்கிவிட்டன. மூன்று.

27ஆம் நாளிலிருந்து திருப்பக் கூடாது. ஈரத்தை ஏற்ற வேண்டும், ஈரத் துணியைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தோம். 29ஆம் நாள், மார்ச் 14, மத்தியானம் அம்மா எனக்கு போன் பண்ணினாள். ஷிப்டில் போன் எடுக்கக் கூடாது. பிரேக்கில் பார்த்தபோது பதினேழு நொடி வாய்ஸ் நோட். பேச்சே இல்லை. உன்னிப்பாகக் கேட்டால் தூரத்தில் ஒரு கீச்சு, நடுவில் தட், தட். குஞ்சு அலகால் காற்றறைக்குள் ஓட்டை போட்டு முதல் மூச்சு எடுத்தபின் சத்தம் கொடுக்கும். கேன்டீன் இரைச்சலில் அதை நான் மூன்று தடவை கேட்டேன்.

கூஸ் குஞ்சு அவசரப்படாது. ஓட்டில் முதல் கீறல் விழுந்து வெளியே வர ஒரு நாள் ஆகும், சில சமயம் இரண்டு. வெளியே இருப்பவர்களுக்குக் கை பரபரக்கும். உடைத்துவிடக் கூடாது. அந்த நேரத்தில்தான் குஞ்சு வயிற்றுக்குள் மஞ்சள் கருவை இழுத்துக்கொள்கிறது, ஓட்டுச் சவ்வில் இருக்கும் ரத்தம் உடம்புக்குத் திரும்புகிறது. முன்னால் உரித்தால் ரத்தம் கசிந்தே செத்துப்போகும். அம்மா ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மார்ச் 15 சாயங்காலம் ஒன்று, 16 விடிகாலை ஒன்று. மூன்றாவது உள்ளே கீச்சிட்டது, ஓட்டைக் கீறவில்லை. சாயங்காலத்துக்குள் சத்தம் நின்றது. பிறகு திறந்து பார்த்ததில் முழுதாக வளர்ந்திருந்தது, தலை மட்டும் கூர்மையான பக்கம் திரும்பியிருந்தது. காற்றறை இருப்பது மழுங்கின பக்கம். சேவலைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அம்மா அதையும் புதைத்தாள்.

கோழி 17ஆம் தேதி அடையை விட்டு எழுந்துவிட்டது. அதன் கணக்குக்கு 21 நாள், கூடவே நாலு நாள் எங்களுக்காக உட்கார்ந்திருக்கிறது, குறை சொல்ல முடியாது. தொட்டால் முட்டை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பெட்டி காலிதான். 16ஆம் தேதி முட்டை அதற்குள் போனது. மார்ச் 22 ராத்திரி கீறியது, 24ஆம் தேதி காலையில் வெளியே வந்தது. கிட்டத்தட்ட ஒன்றரை நாள். மற்ற இரண்டைவிடச் சின்னது, நிறம் கொஞ்சம் கறுப்பு.

*

லோரென்ஸின் கதைகளில் மார்ட்டினா என்று ஒரு கூஸ் குஞ்சு வரும். அது பொரிந்து முதலில் பார்த்தது அவரை. தாய் கூஸின் வயிற்றுக்கடியில் கொண்டுபோய் விட்டும் கீச்சிட்டுக்கொண்டே அவர் பின்னால் ஓடி வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் முதல் இரண்டும் பார்த்தது ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாவை. அவள் கொல்லைக்குப் போனால் கொல்லைக்கு, அடுப்படிக்கு வந்தால் அடுப்படிக்கு. முட்டி வலிக்காக அவள் மெதுவாக நடப்பது அவற்றுக்கு வசதி. ரேஷன் கடைக்குக் கிளம்பின நாளில் இரண்டும் ரோடுவரைக்கும் வந்து, யாரோ வீடியோ எடுத்து, தளி முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. அம்மாவுக்குக் கோபம். புடவை பழசாம்.

குஞ்சுத் தீனிக்கு ஓசூரில் கோழித்தீவனம் கிடைக்கும், ஆனால் வாத்துக் குஞ்சுக்கு நியாசின் அதிகம் வேண்டும், குறைந்தால் கால் வளையும். கடலைப் புண்ணாக்கில் அது நிறைய. அண்ணன்தான் வாங்கி வந்தான். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு அரைப் பையைத் திருப்பி அனுப்பினாள், பூஞ்சை வாசம் அடிக்கிறது என்று. 1960இல் இங்கிலாந்தில் பிரேசில் கடலைப் புண்ணாக்கு தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. அதைத் துருவிப் போய்த்தான் அஃப்லாடாக்சின் என்கிற பூஞ்சை விஷத்தைக் கண்டுபிடித்தார்கள். வாத்துக் குஞ்சுக்கு அது துளி போதும். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. மூக்கு தெரியும்.

யுகாதிக்கு நாலு நாள் முன்னால் கறிக்கடைக்காரர் வந்தார். அண்ணன் வெளியே போயிருந்தான், போயிருந்தான் என்றுதான் சொன்னான். மூன்று பொட்டைகளும் அதற்குள் குஞ்சுகளை நடுவில் விட்டுச் சுற்றி நடக்க ஆரம்பித்திருந்தன. அவர் கிட்டே போனதும் மூன்று கழுத்தும் தரையோடு நீண்டு, இரைந்தன. அவர் இரண்டடி பின்னால் போய்ச் சிரித்தார்.

“ஏம்மா, சேவல் இல்லாம இதுங்கள வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?”

“இதுல ஒண்ணாவது சேவலா இருக்குமில்லங்க.”

“இல்லன்னா?”

“இல்லன்னா அப்பப் பாத்துக்கலாம்.”

ஒசதொடக்கு அன்றைக்கு எங்கள் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. அடை உட்கார்ந்த கோழி இல்லை, வேறு.

இதை எழுதும்போது ஜூலை. குஞ்சுகளுக்கு நாலு மாதம் ஆகப்போகிறது, நெற்றி முண்டு இப்போதுதான் புடைக்கிறது. சேவலுக்கு முண்டு பெரிதாகும், குரலும் பொட்டையைவிடக் கீச்சென்று உயர்ந்து வரும். ஒன்றின் குரல் இரண்டு வாரமாக மேலே ஏறுகிறது. அது எது என்பதில் வீட்டில் ஒற்றுமை இல்லை. அஜ்ஜி திண்ணையில் உட்கார்ந்து மூன்றையும் பார்த்து, கறுப்புதான் கண்டு, மற்ற ரெண்டும் ஹெண்ணு என்கிறாள். அம்மா முதலில் பொரிந்ததைச் சொல்கிறாள். அண்ணனுக்கு மூன்றுமே பொட்டை. ஆனால் போன சனிக்கிழமை ஓசூரிலிருந்து ஆறடி உயரக் கம்பி வலை ஒரு சுருள் வாங்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தான். கல்தூண் நட ஞாயிற்றுக்கிழமை நாலு குழி தோண்டினோம். அஞ்சாவது குழியில் பாறை வந்தது. இந்த வாரம் கடப்பாரை கேட்டிருக்கிறோம்.